காற்று அந்தப் பக்கம்

ஜிப்ரின் கடைக்கும் என் வீட்டுக்கும் நடுவே
ஒரு பெட்ரோல் பங்க், ஒரு மசூதி,
இரண்டு வருடம்.
அப்பாவின் நிலத்தை என்ன விலைக்கு விற்றாய் என்று
நான் கேட்ட நாளிலிருந்து
அண்ணன் கைப்பட்ட சுயாவை நான் தின்றதில்லை.

மின்னா நகரத்தில் சுயா தின்னாமல் இருப்பது
தனி உத்தியோகம்.
ஏழு மணிக்கு மேல் எந்தத் தெருவில் திரும்பினாலும்
கங்கு, புகை,
பைக்கை அணைக்காமலே காத்து நிற்கும் ஆண்கள்.

இன்று மதியம் கரண்ட் போனது.
ஜெனரேட்டரில் சொட்டு பெட்ரோல் இல்லை.
ஃப்ரீசர் தரையெல்லாம் அழத் தொடங்கியது.
பெருநாளுக்கென்று வைத்திருந்த திமில் கறி
இரண்டு கிலோ.
சரி, என்றேன் கறியிடம்,
இன்றைக்கு நீதான்.

பாதி உறைந்ததைத்தான் மெலிதாக அறுக்க முடியும்.
இது எனக்குத் தெரியும் என்பது
இன்றுவரை எனக்குத் தெரியாது.
நாருக்குக் குறுக்கே கத்தியை விட்டேன்,
மறுபக்கத்து விரல் நிழலாடும் கனத்தில்
மடிந்து மடிந்து விழுந்தது.

அப்புறம் கடலை.
வறுத்து, தோல் ஊதி, இடித்து,
இனிமேல்தான் சண்டை.
எண்ணெய் போகாத கடலைமாவு
யாஜி ஆகாது, களி ஆகும்.
பழைய தலையணை உறையில் கட்டி
முறுக்கினேன். வரவில்லை.
நிலத்தரகனின் கழுத்தை நினைத்துக்கொண்டு
முறுக்கினேன்.
வந்தது.

சுக்கு, காய்ந்த மிளகாய், கிராம்பு,
உடா என்னும் கறுப்பு நெற்று
(விதையை எறிந்துவிட வேண்டும், தோலில்தான் காரியம்),
இரண்டு மேகி கட்டி.
நான் தும்மினேன். கம்போ தும்மினான்.
மாடியில் எபுனின் அம்மா தும்மிவிட்டு
எத்தனை மணிக்கு வரட்டும் என்றாள்.

காரின் பழைய ரிம்மில் கரி.
குச்சிகளை ஊறவைக்க மறந்தேன்,
முதல் இரண்டும் இடுப்பொடிந்து கங்கில் விழுந்தன.
கம்போ பொறுக்கி, ஊதி, தின்றான்.
மற்றவற்றுக்கு, பாதி வெங்காயத்தை முள்கரண்டியில் குத்தி
கடலை எண்ணெயில் தோய்த்துத் தடவினேன்.
கொழுப்புச் சொட்டுக்கு ஒருமுறை
தீ எழுந்து பார்த்துவிட்டு உட்கார்ந்தது.

ஹர்மத்தான் மாதம்.
காற்று வடகிழக்கிலிருந்து வருகிறது,
பாலைவனத்துத் தூசியைச் சுமந்துகொண்டு.
அது போகும் வழியில் பெட்ரோல் பங்க்,
மசூதி, அப்புறம் அவன்.
அடுப்பைச் சுவர் மறைவுக்கு நகர்த்தியிருக்கலாம்.
நகர்த்தவில்லை.

தின்றுபார்த்தேன்.
நல்லாத்தான் இருந்தது.
அந்த ‘தான்’ பல்லில் சிக்கிக்கொண்டது.
எபுனின் அம்மா நான்கு குச்சி முடித்து
ஐந்தாவதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து
ஏதோ ஒண்ணு, என்றாள். அதையும் முடித்தாள்.

வீட்டில் செய்தித்தாள் ஏது?
கம்போவின் கணக்கு நோட்டில் ஒரு தாளைக் கிழித்து
மூன்று குச்சி, வெங்காயம், தக்காளி.
மாமாவிடம் கொடு.
நான் கொடுத்தேன் என்று சொல்லாதே.
வேறு யார் கொடுத்ததாகச் சொல்ல?
போடா.

கரண்ட் வந்தது. போனது.
கங்கு சாம்பல் போர்த்திக்கொண்டது.
கம்போ திரும்பி வந்தபோது கையில்
செய்தித்தாள் பொட்டலம்,
கடைக்காரனின் மடிப்பு,
ஆனால் எண்ணெய்க் கறை இல்லை.
பிரித்தேன்.
உப்பு. ஒரு பிடி கல்லுப்பு.

என்னடா சொன்னார்?
ஒன்றும் சொல்லவில்லை.
ஆட்களை நிற்கவைத்துவிட்டு மூன்றையும் தின்றார்.
அப்புறம் தாளை வெளிச்சத்தில் பிடித்து
ஏழாவது கணக்கு தப்பு என்றார்.
தாள் எங்கே?
மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

ஒரு கல்லைப் பொடித்து
ஆறிய துண்டின்மேல் தூவி வாயில் போட்டேன்.
பாவி.

மிச்சமிருப்பது நான்கே குச்சி.
இவ்வளவு உப்பு எதற்கு?
அளவு தெரியாதவன் இல்லை அவன்.